பத்துக்கு ஒன்பது

எங்கள் வீட்டில் இருப்பதிலேயே மந்தமான இடம் அப்பாவின் குதிகால்தான் என்று மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே கண்டுபிடித்து, கோடு போட்ட நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். பேனா முனையால் அங்கே தொட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் அழுத்தினால் "எறும்பா?" என்று கேட்பார். சுறுசுறுப்பில் முதலிடம் தம்பியின் உள்ளங்காலுக்கு. பேனாவைக் காட்டினாலே போதும், தொடுவதற்கு முன்பே நெளிய ஆரம்பித்துவிடுவான். அம்மாவின் முதுகு இரண்டுக்கும் நடுவில். அங்கே இரண்டு பேனாவை ஒரே நேரத்தில் வைத்தாலும் அம்மா ஒன்று என்றுதான் சொல்வாள். அவளுடைய முதுகு கணக்கில் வீக் என்று எழுதியிருந்தேன்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் தேமல் சார். அவருடைய நிஜப் பெயர் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை அரசாங்க சைக்கிளில் வந்து, எங்களை வரிசையாக நிற்க வைத்து, கன்னத்தையும் முதுகையும் கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளிர்த்த தேமல் யாருக்காவது இருந்தால் அந்தப் பிள்ளையை மட்டும் தனியாக உட்கார வைப்பார். எனக்கு இரண்டு கன்னத்திலும் இருந்தது.

"கண்ண மூடிக்கம்மா. நான் எங்க தொடுறேனோ அங்க நீயும் தொட்டுக் காட்டு" என்றார். தொட்டார், காட்டினேன். மறுபடி தொட்டார், மறுபடி காட்டினேன். பத்துக்குப் பத்து. கணக்கில் என் வாழ்நாளில் நான் வாங்காத மார்க். இது சத்துக் குறைவுதான், கீரை சாப்பிடு என்று சொல்லி அனுப்பிவிட்டு, வகுப்பைப் பார்த்து, உணர்ச்சி இல்லாத தேமலோ மரத்துப்போன கையோ காலோ வீட்டில் யாருக்காவது இருந்தால் பயப்படாமல் வந்து சொல்ல வேண்டும், மாத்திரை இருக்கிறது, சரியாகிவிடும் என்றார். மற்ற பிள்ளைகள் மிரண்டுபோய்க் கேட்டார்கள். எனக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்துவிட்டது.

விளையாட ஆளுக்கும் பஞ்சமில்லை. அது காவிரியில் தண்ணீர் வராத வருடம். குறுவை யாரும் போடவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகின் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. தண்ணீரே இல்லாதபோது எதைத் தூக்குவது? ஷட்டருக்கு கிரீஸ் போடுவார், மதகுக்குப் பக்கத்திலேயே இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து உட்காருவார், மறுபடி போய் கிரீஸ் போடுவார். மற்ற வருடமாக இருந்தால் என் பேனாவுக்குக் குதிகாலைக் கொடுத்துக்கொண்டு உட்கார அவருக்கு ஏது நேரம்?

வீட்டில் என் நோட்டுக்குள் வராமல் மிச்சம் இருந்தவர் மாமா மட்டும்தான். அம்மாவின் தம்பி. எங்களோடுதான் தங்கியிருந்தார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த பாய் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கேட் போட்டால் லேசில் திறக்க மாட்டார்கள். நிற்கிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், சும்மா நிற்பானேன் என்று கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். பாய்க்கு ரயில்வேக்காரர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

மாமா வேலை செய்வதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். கல்லில் வெந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் படார் படார் என்று அடித்து நொறுக்குவார். மற்ற மாஸ்டர்கள் நடுவில் கையை உதறிக்கொள்வார்கள், ஊதிக்கொள்வார்கள். மாமா வலது கையை மட்டும்தான் உதறுவார். யாராவது பீடிக்கு நெருப்புக் கேட்டால் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டை இடது கையின் கடைசி இரண்டு விரலால் இடுக்கி எடுத்து, அவசரமே இல்லாமல் நீட்டுவார். கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அடுத்த நாள் அந்த விரலில் கொப்புளம் இருக்கும். "எப்ப பட்டுச்சுன்னே தெரியல" என்பார். அம்மா தேங்காயெண்ணெய் போட்டுவிடுவாள்.

பாயின் மச்சான் துபாயில் ஹோட்டல் வைத்திருந்தார். அங்கே ஒரு பரோட்டா மாஸ்டர் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா வர வேண்டும். ஊரில் வயசுப் பையன்கள் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்ட காலம். இரண்டு வருடம் போய்விட்டு வந்தால் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அம்மா பெண்ணைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

பரோட்டாக் கடை சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா மதகின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தபோது பிடித்துக்கொண்டேன். துண்டால் கண்ணைக் கட்டினேன். தொடும்போது "இப்போ" என்று சொல்ல வேண்டும், எந்த விரல் என்றும் சொல்ல வேண்டும். வலது கைக்குப் பத்துக்குப் பத்து. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் எல்லாம் பாஸ். அதற்கப்புறம் மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாய்க்காலில் ஒரு நாய் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவே கேட்டார்:

"என்ன பாப்பா, பேனா தொலைஞ்சுபோச்சா? ஆரம்பிக்க மாட்டியா?"

நான் ஏழு தடவை தொட்டு முடித்திருந்தேன். எட்டாவது தடவையாகத் தொட்டுக்கொண்டும் இருந்தேன்.

"ஏமாத்தாதீங்க மாமா" என்று சிரித்தேன். அவர் துண்டை இறக்கிவிட்டுப் பார்த்தார். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நீல மைப் புள்ளிகள். ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கித் தானே குத்திப் பார்த்தார். முதலில் மெதுவாக, அப்புறம் பார்க்கிற எனக்கே பல் கூசுகிற அளவுக்கு. முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இந்த விளையாட்ட யாரு சொல்லிக் குடுத்தா?"

சொன்னேன். தேமல் சார் கடைசியில் என்ன சொன்னார் என்றும் மாமா கேட்டார், அதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்றார். ஏன் என்றேன். "தோத்துட்டேன்ல, வெக்கமா இருக்கு" என்றார். தோற்றால் எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதை முழுசாக நம்பினேன். இடது கை, இரண்டு விரல், பூஜ்ஜியம் என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பாப்பாவின் தேமலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, என்னை சைக்கிளில் வைத்துச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். என் கன்னம் அவருக்கு நல்ல சாக்கு. தேமல் சார் என் கன்னத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமாவின் முழங்கையை மடக்கி, உள்பக்கம் விரலால் தடவி எதையோ தேடினார். நரம்பு தடித்திருக்கிறது என்றார். பெரிய டாக்டரும் வந்து பார்த்தார்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, நல்லது. மாத்திரைய விடாம சாப்பிட்டா நோய் போயிடும், யாருக்கும் ஒட்டாது" என்றார் சார். "ஆனா விரலுக்கு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அது தெரியுற வரைக்கும் அந்தக் கை அடுப்புப் பக்கம் போகக் கூடாது."

"என் தொழிலே அடுப்புலதான் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

இதில் எனக்குப் புரிந்தது, மாமாவின் இரண்டு விரல் தூங்கிப்போய்விட்டது, மாத்திரை போட்டால் எழுந்துகொள்ளும் என்பது மட்டும்தான். அந்த நோய்க்கு ஊரில் என்ன பெயர், அந்தப் பெயர் ஒருமுறை காதில் விழுந்தால் அவர் கையால் தட்டிய பரோட்டாவை யார் தின்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு எட்டாத விஷயங்கள். விரல் எழுந்துகொண்டால் அவர் துபாய் போகலாம். எழுந்துகொள்ளாவிட்டால் தெரிந்த ஒரே தொழிலையும் விட்டுவிட வேண்டும், ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்குக் காரணமும் சொல்ல முடியாது. அந்த ஊசி முனையில்தான் மாமா நின்றுகொண்டிருந்தார்.

நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வேறு கேள்விகளில் இருந்தேன். சூடு வைத்தாலும் வலிக்காதா? வலிக்காது. கிள்ளினால்? தெரியாது. முள் குத்தினால்? பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் கணக்கு டீச்சர் ஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் அடிப்பார். வலிக்காத விரல் இரண்டு இருந்தால் அவற்றை மட்டும் நீட்டிவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாமே. இதை மாமாவிடம் சொன்னேன். சைக்கிள் தள்ளாடும் அளவுக்குச் சிரித்தார்.

"வேணும்னா மாத்திக்கலாமா பாப்பா?"

வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். இடது கை என்றால் சம்மதம் என்று சொன்னேன். வலது கையால் எழுத வேண்டியிருக்கிறது.

மாத்திரை அட்டை, மாமாவின் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைச் சாப்பிடச் சாப்பிட மாமா கறுத்துக்கொண்டே வந்தார். துபாய் போவதற்கு முன்பே துபாய் வெயில் பட்டுவிட்டது என்று அம்மா கேலி செய்தாள். கடை வேலையை அவர் விடவில்லை. நெருப்புத் துண்டு வித்தையை மட்டும் நிறுத்திவிட்டார். மாவு பிசையும்போதுதான் தவிப்பதாக என்னிடம் சொன்னார். மாவு பதமா இல்லையா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். "எட்டு வெரலுக்குத் தெரியுது. இந்த ரெண்டுக்கு மட்டும் காது கேக்கல" என்றார். விரலுக்குக் காது இருக்குமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குகிற அம்மாவிடம், உனக்கும் தெரியாதா என்று கேட்டேன். "ஏன் தெரியாம? பழகிப்போச்சு" என்றாள். அவள் இறக்கும்போது "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். மாமாவிடம் அந்தச் சத்தமே வந்ததில்லை. தெரிந்தும் பொறுப்பதும், தெரியாமலே இருப்பதும் வேறு வேறு என்பதை அந்த வயதில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

தேமல் சார் மாதம் ஒருமுறைதான் பார்ப்பார். மாமாவுக்கு வாரா வாரம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரே பேனாவை எடுத்துக்கொண்டு வருவார். நான் கண்ணைக் கட்டி, இரண்டு விரலிலும் பத்துப் புள்ளி வைப்பேன். பூஜ்ஜியம். அடுத்த வாரமும் பூஜ்ஜியம். ஒரு வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் அதுவும் போய்விட்டது. துண்டை இறக்கிப் புள்ளிகளை எண்ணும்போது மாமாவின் முகம், தாய விளையாட்டில் தோற்ற தம்பியின் முகம் மாதிரியே ஆகிவிடும். தம்பி தோற்றால் வீடு இரண்டுபடும். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வை என்பது எனக்கு அம்மா போட்ட சட்டம். அதில் நான் கைதேர்ந்தவள், விட்டுக்கொடுத்தது அவனுக்குத் தெரியாமலே விட்டுக்கொடுப்பேன்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா "இப்போ" என்று சொல்லும்வரை காத்திருந்தேன். சொன்னார். சொன்ன பிறகு தொட்டேன்.

அவ்வளவுதான் விஷயம். அவர் எந்த விரலைச் சொன்னாரோ அந்த விரலில், சொன்ன கையோடு ஒரு புள்ளி. சொன்னதற்கும் புள்ளிக்கும் கணக்கு சரியாக வந்துவிடும். அந்த வாரம் அவருக்கு மூன்று போட்டேன். எடுத்தவுடன் பத்து போட்டால் சந்தேகம் வரும் என்பது, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதிப் பழகிய எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே மூன்று. பிறகு ஆறு.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று உண்டு. ஐந்தாறு வாரம் ஆனதும் மாமாவுக்கு நிஜமாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. "இப்போ! சுண்டு வெரலு. சுருக்குன்னு இருந்துச்சு பாரு" என்பார். என் பேனா அந்தரத்தில் இருக்கும். அந்தச் சுருக் எங்கிருந்து வந்தது? பேனா முனையை முகத்துக்கு அருகே வைத்து உற்று உற்றுப் பார்த்தேன். ஒருவேளை தம்பியின் உள்ளங்கால் மாதிரி மாமாவின் விரலுக்கும் தொடுவதற்கு முன்பே தெரிகிறதோ என்று நினைத்தேன். அப்படியானால் நான் செய்வது ஏமாற்று வேலையே இல்லை. இந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமா பழையபடி பாட ஆரம்பித்தார். மாவு பேசுகிறது என்றார். அந்தச் சமயம் பார்த்து விசா வந்தது. மாமா சுகாதார நிலையத்துக்குப் போய், வெளியூர் போகிறேன் என்று சொல்லி மிச்ச மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். கையைக் காட்டுங்கள் என்றபோது, இன்னொரு நாள் வருகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் கூட இருந்தேன். அப்படியொன்றும் பஸ்ஸுக்கு நேரமாகவில்லை, நாங்கள் வந்தது சைக்கிளில்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கடைசிப் பரீட்சை. அன்றைக்கு ஒன்பது போட்டேன். பத்தையும் போட்டிருக்கலாம், ஆனால் நம்பும்படியாக இருக்க வேண்டும் அல்லவா.

"பாஸா பாப்பா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மாமா."

அவர் என்னைத் தூக்கி ஷட்டரின் சக்கரத்தின் மேல் உட்கார வைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நான்தான் உண்டாக்கினேன் என்ற பெருமையில், ரயில் ஏறிப் போகிற அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. அம்மா அழுதாள். பாய் ஒரு பெரிய அல்வாப் பொட்டலம் கொடுத்தார்.

போனதும் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு மாதம் ஒருமுறை மாமாவின் போன் வரும். அங்கே கல் நம்மூர்க் கல்லைவிட மூன்று மடங்கு பெரிசாம், கேஸ் அடுப்பாம், ஒரே நேரத்தில் நாற்பது பரோட்டா போடலாமாம். என்னிடம் கொடுக்கும்போது, "கை எப்படி மாமா?" என்று ரகசியமாகக் கேட்பேன். "சூப்பரா இருக்கு" என்பார். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு போன் ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஷட்டரைத் திறந்து அப்பா தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பெட்டியை வலது கையில் பிடித்திருந்தார். இடது கை துண்டுக்குள் இருந்தது. அம்மா துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்பே விரல் முடிந்துபோயிருந்தது. புண் ஆறி, தோல் வழவழவென்று மூடியிருந்தது.

அன்று சாயங்காலம் மதகடியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், மாத்திரை சாப்பிட்டதிலிருந்து. அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டார். கூட்டமான ஒரு நாள், சப்ளையரோடு திரும்பிப் பேசிக்கொண்டே மாமா கல்லின் விளிம்பில் இடது கையை ஊன்றியிருக்கிறார். கருகல் வாடை வந்ததும், உள்ளே எதையோ அடுப்பில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சத்தம் போட்டிருக்கிறார். எதிரே நின்ற சப்ளையர்தான் அலறினானாம். நோட்டைப் பற்றியோ ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அந்த நோட்டு அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அதை நினைத்து நினைத்து நான் வெந்துபோனதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான்.

அப்பா ஷட்டரைப் பார்க்க எழுந்து போனதும் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த விரல்களைத் தொட்டுப் பார்க்க ஆசையாகவும் பயமாகவும் இருந்தது. அவரே கையை நீட்டினார். தொட்டேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிச்சுதா மாமா?"

"இல்ல பாப்பா. வலிச்சிருந்தா கைய எடுத்திருப்பேனே."

எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மத்தியானத்திலிருந்து அதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அம்மாவும் அதை நினைத்துத்தான் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் அடுப்படியில் சுருண்டு கிடக்கிறாள் என்று தோன்றியது. இந்த நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஓடினேன்.

"மாமாவுக்கு வலிக்கவே இல்லையாம்மா!" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுதாள். அவளுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று, நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.